காசு கட்டினால் பாட்டு ஹிட் ஆகுமா? வாசகர் கேள்வி பதில்

சொந்தமாகப் பாட்டு போட்டு வெளியிடுவது பற்றிக் கேள்வி அனுப்புங்கள் என்று கேட்டிருந்தோம். மெட்டு, மைக், சாஃப்ட்வேர் என்று கேட்பார்கள் என்று பார்த்தால், வந்ததில் பெரும்பாலானவை "ப்ரமோஷனுக்கு இவ்வளவு கேட்கிறார்கள், கட்டலாமா?" என்றுதான் இருக்கின்றன. சரி, இந்த முறை முழுக்க அதற்கே. பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் எல்லோருக்கும் ஊர் மட்டும்.

கேள்வி (மதுரை): கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன் சார். நானே எழுதிப் பாடிய ராப் பாட்டு ஒன்றை ஸ்பாட்டிஃபையில் போட்டு இரண்டு மாதம் ஆகிறது, 340 ஸ்ட்ரீம்தான் வந்திருக்கிறது. இன்ஸ்டாகிராமில் ஒரு ஏஜென்சி மெசேஜ் அனுப்பியது. 15 ஆயிரம் ரூபாய் கட்டினால் 30 நாளில் ஒரு லட்சம் ஸ்ட்ரீம் கியாரண்டி, வராவிட்டால் பணம் வாபஸ் என்கிறார்கள். என் பாட்டு வேற லெவல் என்றும் சொன்னார்கள். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள் தம்பி. உங்கள் பாட்டு வேற லெவலாகவே இருக்கலாம், ஆனால் அவர்கள் அதைக் கேட்டிருக்க மாட்டார்கள். சந்தேகம் இருந்தால், இரண்டாவது சரணத்தில் எந்த வரி பிடித்தது என்று ஒரு மெசேஜ் போட்டுப் பாருங்கள்.

அந்த 'கியாரண்டி'தான் விஷயமே. இத்தனை பேர் கேட்பார்கள் என்று எந்தப் பாட்டுக்கும் யாராலும் உறுதி தர முடியாது, கோடிக்கணக்கில் செலவழித்து வெளியிடும் சினிமாப் பாட்டுக்கே அது கிடையாது. கேட்கப்போவது மனிதர்கள் இல்லை என்றால்தான் எண்ணிக்கையை முன்கூட்டியே சொல்ல முடியும். ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு 30 விநாடி ஓடினால் ஒரு ஸ்ட்ரீம் கணக்கு. நூற்றுக்கணக்கான போலிக் கணக்குகளைத் திறந்து, ஒரு ப்ளேலிஸ்ட்டில் உங்கள் பாட்டையும் இன்னும் பத்துப் பேர் பாட்டையும் போட்டு, இரவு பகலாக ஓடவிடுவதுதான் இவர்கள் தொழில். அமெரிக்காவில் 2024 செப்டம்பரில் ஒருவர் மீது வழக்கே போட்டார்கள். ஏ.ஐ. மூலம் ஏராளமான பாட்டுகளைத் தயாரித்து, அவற்றை 'பாட்' எனப்படும் தானியங்கிக் கணக்குகளால் ஓடவைத்து, 1 கோடி டாலருக்கு மேல் ராயல்டி எடுத்தார் என்பது குற்றச்சாட்டு. பிரான்ஸின் தேசிய இசை மையம் அந்த நாட்டின் 2021ஆம் ஆண்டுக் கணக்கை மட்டும் ஆராய்ந்துவிட்டு, குறைந்தது 1 முதல் 3 சதவீத ஸ்ட்ரீம்கள் போலி என்று சொன்னது. அதுவே 100 கோடியிலிருந்து 300 கோடி ஸ்ட்ரீம் வரை வருகிறது. கண்டுபிடிக்க முடிந்தது அவ்வளவு.

"போலியாக இருந்தால் என்ன, எண் ஏறினால் நாலு பேர் உண்மையிலேயே பார்ப்பார்களே" என்று நினைப்பீர்கள். இந்த நினைப்பில்தான் அவர்கள் பிழைப்பே ஓடுகிறது. நடப்பது நேர்மாறு. உங்கள் பாட்டைக் கேட்டவர்கள் வேறு எதையெல்லாம் கேட்கிறார்கள் என்று பார்த்துத்தான் ஸ்பாட்டிஃபை அதை அடுத்தவருக்குச் சிபாரிசு செய்கிறது. அந்த 340 ஸ்ட்ரீமில் உங்கள் கல்லூரி நண்பர்கள், அவர்களுடைய நண்பர்கள், தமிழ் ராப் கேட்கிற யாரோ நாலு பேர் இருப்பார்கள். இயந்திரத்துக்கு அது நல்ல தடயம். அதன்மேல் ஒரு லட்சம் பாட் ஸ்ட்ரீமைக் கொட்டினால், பிரேசில் நடனப் பாட்டும் தூங்கவைக்கும் மழைச் சத்தமும் கேட்கிற கணக்குகள்தான் உங்கள் ரசிகர்கள் என்று அது முடிவு கட்டிவிடும். அப்புறம் மதுரைக்காரர் ஒருவருக்கு உங்கள் பாட்டு தானாகப் போய்ச் சேருவது கஷ்டம்.

பணக் கணக்கும் உதைக்கிறது. 2024 முதல், முந்தைய 12 மாதங்களில் 1,000 ஸ்ட்ரீம் தொடாத பாட்டுக்கு ஸ்பாட்டிஃபையில் ராயல்டி கிடையாது. இதைக் காட்டியே பலர் பயமுறுத்தி விற்கிறார்கள். ஆனால் ஸ்ட்ரீம் எண்ணிக்கை மட்டும் போதாது, குறைந்தபட்சம் இத்தனை தனித்தனி ஆட்கள் கேட்டிருக்க வேண்டும் என்றும் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். அது எத்தனை என்று வேண்டுமென்றே வெளியில் சொல்வதில்லை. அதே 2024இலிருந்து, போலி ஸ்ட்ரீம் அப்பட்டமாகத் தெரிந்தால் அந்தப் பாட்டுக்காக, அதைத் தளங்களுக்கு அனுப்பிவைக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்கோ வெளியிடும் லேபிளுக்கோ அபராதமும் போடுகிறார்கள். அதை அப்படியே கலைஞர் தலையில் கட்டுகிற டிஸ்ட்ரிபியூட்டர்கள் உண்டு. ஆக 15 ஆயிரம் கொடுத்து, மேலே அபராதமும் கட்டி, கடைசியில் பாட்டும் போய்விடலாம்.

ப்ளேலிஸ்ட்டில் இடம் வாங்கித் தருகிறோம் என்பதும் இதே வகைதான், காசுக்கு இடம் கொடுப்பது ஸ்பாட்டிஃபை விதிகளுக்கே விரோதம். அவர்களுடைய சொந்த ஆசிரியர் குழு நடத்தும் ப்ளேலிஸ்ட்டுக்கு நீங்களே இலவசமாக விண்ணப்பிக்கலாம். 'ஸ்பாட்டிஃபை ஃபார் ஆர்ட்டிஸ்ட்ஸ்' பக்கத்தில், இன்னும் வெளியாகாத பாட்டை, வெளியீட்டுத் தேதிக்குக் குறைந்தது 7 நாள் முன்பு அனுப்ப வேண்டும். தேர்வாகும் என்று உறுதி இல்லை. ஆனால் நேரத்துக்கு அனுப்பினால், உங்களைப் பின்தொடர்பவர்களின் 'ரிலீஸ் ரேடார்' என்ற புதுப் பாட்டுப் பட்டியலில் பாட்டு தானாகப் போய் உட்காரும். வெளியிட்டுவிட்ட பாட்டுக்கு இது முடியாது, அடுத்ததற்குச் செய்யுங்கள்.

கேள்வி (திருப்பூர்): நான் ஏற்கெனவே 22 ஆயிரம் கட்டிவிட்டேன். இரண்டு வாரம் ஸ்ட்ரீம் நன்றாக ஏறியது. மூன்றாவது வாரம் டிஸ்ட்ரிபியூட்டரிடமிருந்து மெயில், போலி ஸ்ட்ரீம் காரணமாகப் பாட்டு நீக்கப்பட்டதாக. ஏஜென்சியைக் கேட்டால், இன்னும் 8 ஆயிரம் கட்டினால் ஸ்பாட்டிஃபையிடம் பேசித் திரும்பக் கொண்டுவருகிறோம் என்கிறார்கள்.

பதில்: அந்த 8 ஆயிரத்தைத் தொடாதீர்கள். நீக்கிய பாட்டு பற்றிப் பேச வேண்டியது உங்கள் டிஸ்ட்ரிபியூட்டரிடம். ஏஜென்சிக்கு ஸ்பாட்டிஃபைக்குள் தனி வாசல் எதுவும் இல்லை. நாளைக்கே வேறொரு எண்ணிலிருந்து "நீங்கள் ஏமாந்த பணத்தை மீட்டுத் தருகிறோம், கட்டணம் 5 ஆயிரம்" என்று ஒருவர் பேசினாலும் ஆச்சரியப்படாதீர்கள். ஏமாந்தவர்களின் பட்டியலுக்கும் சந்தை இருக்கிறது.

முதலில் ஆதாரங்களைப் பத்திரப்படுத்துங்கள். அவர்கள் கணக்கை மூடிவிட்டால் சாட் காணாமல் போகலாம், அதனால் இன்றைக்கே எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். யு.பி.ஐ. பரிவர்த்தனை எண், பணம் போன கணக்கின் பெயர், 'உண்மையான ரசிகர்கள்' என்று அவர்கள் எழுதிய மெசேஜ் எல்லாம் வேண்டும். கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். நீங்கள் விரும்பித்தானே பணம் அனுப்பினீர்கள், ஸ்ட்ரீமும் வந்ததே என்று யாராவது கேட்டால், மனிதர்கள் கேட்பார்கள் என்று சொல்லிவிட்டு பாட் ஸ்ட்ரீமைக் கொடுத்தார்கள் என்பதற்கு அதுதான் சாட்சி.

அப்புறம் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் சொல்லுங்கள், அல்லது தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் பதியுங்கள். பணம் போன சில மணி நேரத்துக்குள் சொன்னால் அந்தக் கணக்கிலேயே முடக்க வாய்ப்பு அதிகம். உங்கள் விஷயத்தில் வாரங்கள் ஆகிவிட்டன, அதனால் பெரிய நம்பிக்கை தர மாட்டேன், ஆனாலும் பதியுங்கள். இந்தியாவில் முகவரியுள்ள ஏஜென்சி என்றால் நுகர்வோர் வழி இருக்கிறது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசலாம், நகரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மனுக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. "இது வியாபாரத்துக்காக வாங்கிய சேவை, நீங்கள் நுகர்வோர் இல்லை" என்று எதிர்த்தரப்பு வாதாடப் பார்க்கும். சுயதொழிலாகப் பிழைப்புக்குச் செய்கிறேன் என்று நீங்கள் பதில் வாதம் வைக்கலாம், ஏற்பார்கள் என்று உறுதி இல்லை.

டிஸ்ட்ரிபியூட்டருக்கு நடந்ததை மறைக்காமல் எழுதுங்கள். எந்த ஏஜென்சி, எந்தத் தேதி, என்ன சொன்னார்கள், எல்லாம். அவர்கள் சரி என்று சொல்லும்வரை அதே பாட்டை வேறு பெயரில் மறுபடி ஏற்றாதீர்கள். அதில் சிக்கினால் மொத்தக் கணக்கையும் மூடிவிடுவார்கள். பாட்டின் உரிமை இன்னமும் உங்களுடையதுதான், ஸ்பாட்டிஃபை ஒரு கடை, அந்தக் கடையில் இறக்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இதோடு சேர்த்து இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், வேறு இரண்டு பேரும் கேட்டிருந்தார்கள். யாருக்கும் பணம் கட்டாமலே திடீரென்று முன்பின் தெரியாத ப்ளேலிஸ்ட் ஒன்றிலிருந்து ஆயிரக்கணக்கில் ஸ்ட்ரீம் வந்தால் சந்தோஷப்படாதீர்கள். தங்கள் போலி ப்ளேலிஸ்ட் இயல்பாகத் தெரிவதற்காகச் சம்பந்தமில்லாதவர்கள் பாட்டையும் நடுவில் சொருகிவைப்பார்கள். கேட்பவர்கள் எந்த ஊர் என்று காட்டும் பட்டியலைப் பாருங்கள். சென்னை, கோவை, கொழும்பு, சிங்கப்பூர் இருந்தால் நல்லது. டேட்டா சென்டர்களுக்குப் பேர்போன அமெரிக்காவின் ஆஷ்பர்ன் மாதிரி ஊர் முதலிடத்தில் நின்றால், அங்கே உங்கள் பாட்டைக் கேட்பது ஆட்கள் இல்லை. அப்படிப்பட்ட ப்ளேலிஸ்ட்டைப் புகார் செய்ய ஸ்பாட்டிஃபையிலேயே ஒரு படிவம் இருக்கிறது. நீங்களாக முதலில் சொல்லிவிடுவது பின்னால் உதவும்.

கேள்வி (நாகர்கோவில்): வருடத்துக்கு ஒரு கிறிஸ்தவப் பக்தி ஆல்பம் யூடியூபில் வெளியிடுகிறேன். எங்கள் சபையைச் சேர்ந்த ஒரு தம்பி 10 ஆயிரம் ரூபாய்க்கு 50 ஆயிரம் வியூஸ் வாங்கித் தருகிறேன், கூகுள் விளம்பரம் மூலமாகத்தான், ஏமாற்று வேலை இல்லை என்கிறார். நம்பலாமா? இதில் தப்பு ஏதும் உண்டா?

பதில்: விளம்பரம் கொடுப்பதில் தப்பே இல்லை ஐயா. யூடியூபே விற்கிற சேவை அது. அந்தத் தம்பி உண்மையிலேயே விளம்பரம்தான் ஓட்டுகிறாரா என்பதுதான் கேள்வி. விலையை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. வியூ ஒன்றுக்கு 20 பைசா ஆகிறது, விளம்பரத்திலும் நடக்கக்கூடிய விலைதான்.

கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. யூடியூப் ஸ்டுடியோவில் பார்வையாளர்கள் எந்த வழியாக வந்தார்கள் என்று காட்டும் பகுதியைத் திறந்து பாருங்கள். விளம்பரம் என்றால் 'யூடியூப் விளம்பரம்' என்றே தனியாக வரும். அப்படி இல்லாமல் 'வெளியிலிருந்து' என்றோ 'நேரடி அல்லது தெரியாதது' என்றோ குவிந்திருந்தால், அவர் வேறெங்கோ வாங்கிக் கொட்டுகிறார். இதைவிட நல்லது, ஆரம்பத்திலேயே உங்கள் பெயரில் ஒரு கூகுள் ஆட்ஸ் கணக்கு திறந்து, உங்கள் கார்டில் பணம் போட்டு, அவருக்கு அதை நடத்தும் அனுமதி மட்டும் கொடுப்பது. பாஸ்வேர்டு கொடுக்க வேண்டியதே இல்லை. 10 ஆயிரத்தில் கூகுளுக்கு எவ்வளவு போனது, 18 சதவீத ஜி.எஸ்.டி. எவ்வளவு, அவருடைய கூலி எவ்வளவு என்று எல்லாம் உங்களுக்குத் தெரிந்துவிடும். நேர்மையானவர் இதற்கு மறுக்க மாட்டார். அவருடைய கூலியைத் தனியாக, தாராளமாகவே கொடுங்கள், வேலை செய்கிறவர்தானே.

உண்மையான விளம்பரத்திலும் பணம் வீணாகிற இடம் ஒன்று இருக்கிறது. ஊர், மொழி எதுவும் குறிக்காமல் ஓடவிட்டால் வியூ எங்கே மலிவோ அங்கே போய்விடும், தமிழே தெரியாத நாடுகளில் உங்கள் ஸ்தோத்திரப் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். கன்னியாகுமரி, திருநெல்வேலி, தூத்துக்குடி, தமிழ் பேசும் வெளிநாட்டு ஊர்கள் என்று குறுக்குங்கள். வியூ குறையும், பரவாயில்லை. கடைசிவரை கேட்டவர்கள் எத்தனை சதவீதம், சப்ஸ்கிரைப் செய்தவர்கள் எத்தனை என்று பாருங்கள்.

வருமானம் எதிர்பார்க்கிறீர்கள் என்றால் இன்னொரு கணக்கு. யூடியூபில் விளம்பர வருமானம் பெற 1,000 சப்ஸ்கிரைபர், அத்துடன் 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வை அல்லது 90 நாளில் 1 கோடி ஷார்ட்ஸ் வியூ வேண்டும். காசு கொடுத்து ஓட்டும் விளம்பரத்தில் கிடைக்கும் நேரம் அந்த 4,000 மணியில் சேராது. சாதனைக் கணக்கிலும் அப்படித்தான். 24 மணி நேரத்தில் இத்தனை கோடி என்று பெரிய பாட்டுகளுக்கு அடித்துக்கொள்வார்களே, அதில் விளம்பர வியூக்களைச் சேர்ப்பதில்லை என்று யூடியூப் 2019 செப்டம்பரிலேயே சொல்லிவிட்டது.

கேள்வி (கோவை): 150 தளங்களில் வெளியீடு, ஐ.எஸ்.ஆர்.சி. எண், யூடியூப் அஃபிஷியல் ஆர்ட்டிஸ்ட் சேனல், இன்ஸ்டாகிராம் ப்ளூ டிக், விக்கிபீடியா பக்கம், எல்லாம் சேர்த்து 35 ஆயிரம் ரூபாய் பேக்கேஜ். விலை நியாயமா?

பதில்: 150 தளங்கள் எவை என்று பட்டியல் கேளுங்கள். அதில் ரெஸ்ஸோவும் விங்க்கும் இருந்தால் சிரித்துவிட்டு வந்துவிடலாம், இரண்டும் 2024இலேயே இந்தியாவில் கடையைக் கட்டிவிட்டன. எந்த டிஸ்ட்ரிபியூட்டரும் எல்லாத் தளத்துக்கும் சேர்த்துத்தான் அனுப்புகிறார், எண்ணிக்கை பெரிய விஷயமே இல்லை. சிலர் வருடச் சந்தா வாங்குகிறார்கள், சிலர் ஒரு முறை கட்டணம், சிலர் முன்பணம் வாங்காமல் வருமானத்தில் பங்கு எடுக்கிறார்கள். வருடச் சந்தாவை நிறுத்தினால் பாட்டை இறக்கிவிடுகிறவர்களும் உண்டு, அதை மட்டும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். ஐ.எஸ்.ஆர்.சி. என்பது ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் உள்ள அடையாள எண், அதை டிஸ்ட்ரிபியூட்டரே கூடுதல் கட்டணம் இல்லாமல் தருவார். அதைக் குறித்து வையுங்கள், பின்னால் டிஸ்ட்ரிபியூட்டரை மாற்றும்போது அதே எண்ணைக் கொடுத்தால்தான் பழைய ஸ்ட்ரீம் கணக்கு தொடரும். அஃபிஷியல் ஆர்ட்டிஸ்ட் சேனல் இலவசம். இன்ஸ்டாகிராம் டிக்கை 2023 ஜூனிலிருந்து இந்தியாவிலும் யார் வேண்டுமானாலும் மாதச் சந்தா கட்டி வாங்கலாம், நடுவில் ஆள் எதற்கு? விக்கிபீடியாவில் பக்கம் தொடங்கக் கட்டணமே கிடையாது. உங்களைப் பற்றி வேறு நம்பகமான இடங்களில் யாரும் எழுதியிருக்கவில்லை என்றால் காசு வாங்கிக்கொண்டு எழுதிய பக்கத்தை அழித்துவிடுவார்கள், அழித்ததும் விற்றவர் போனை எடுக்க மாட்டார். ஆக 35 ஆயிரத்தில் சில ஆயிரத்துக்கு மேல் எதுவும் தேறவில்லை.

கேள்வி (சேலம்): ஒரு ஆன்லைன் லேபிள் என்னிடம் பைசா கேட்கவில்லை. ப்ரமோஷன் முழுக்க எங்கள் செலவு, பாட்டை எங்கள் சேனலில் வெளியிட வேண்டும் என்கிறார்கள். ஒப்பந்தத்தில் 'எல்லா உரிமைகளும், நிரந்தரமாக, உலகம் முழுவதும்' என்று இருக்கிறது. இலவசம்தானே, இதில் எனக்கு என்ன நஷ்டம்?

பதில்: இதுவரை வந்த கேள்விகளில் இதுதான் விலை அதிகமான பேக்கேஜ். மற்றவர்களுக்குப் போனது பணம், உங்களுக்குப் பாட்டே போகப்போகிறது.

ஒரு பாட்டில் உரிமை ஒன்றல்ல. வரியும் மெட்டும் ஒன்று, அதைப் பாடிப் பதிவு செய்த ஒலிப்பதிவு, அதாவது மாஸ்டர், இன்னொன்று. பாடகர் என்ற முறையில் உங்களுக்குத் தனியாக ஓர் உரிமையும் உண்டு. 'எல்லா உரிமைகளும்' என்று கையெழுத்துப் போட்டால் நாளைக்கு ஒரு விளம்பரப் படத்துக்கு உங்கள் பாட்டைக் கேட்டாலும், வேறொருவரைப் பாடவைத்து ரீமிக்ஸ் செய்தாலும், அவர்கள் உங்களிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டியதில்லை. உங்கள் சொந்த சேனலில் நீங்களே பாடி ஏற்றினால், யூடியூபில் யார் பாட்டு என்று தானாகக் கண்டுபிடிக்கும் 'கண்டென்ட் ஐ.டி.'யில் அவர்கள் பதிந்துவைத்ததன் மூலம் உங்கள் மீதே க்ளெய்ம் வரும், விளம்பரக் காசு அங்கே போகும்.

நம் சட்டம் இதில் கொஞ்சம் பக்கபலமாக இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எந்தப் படைப்பு, எந்த உரிமை, எவ்வளவு காலம், எந்தெந்த நாடு, எவ்வளவு ராயல்டி என்று குறிப்பிட வேண்டும். காலம் குறிப்பிடவில்லை என்றால் 5 வருடம் என்றும், இடம் குறிப்பிடவில்லை என்றால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும்தான் அர்த்தம். வாங்கியவர் ஒரு வருடத்துக்குள் அந்த உரிமையைப் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி சொல்லியிருந்தால் ஒழிய, அது காலாவதி ஆகிவிடும். இதெல்லாம் தெரிந்துதான் அவர்கள் 'நிரந்தரமாக, உலகம் முழுவதும்' என்று வெளிப்படையாக எழுதியிருக்கிறார்கள். அந்த இரண்டையும் அடித்துவிட்டு 3 வருடம் என்று எழுதித் திருப்பி அனுப்புங்கள். ப்ரமோஷன் எங்கள் செலவு என்கிறார்களே, எவ்வளவு தொகை, எதில், எந்தத் தேதிக்குள் என்று அதையும் ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள். என் அனுபவத்தில் பெரும்பாலான பேரம் இந்த வரியில்தான் நின்றுபோகும். அவர்கள் ப்ரமோஷன் என்று சொல்வது தங்கள் சேனலில் ஏற்றி, ஒரு போஸ்டர் போடுவதாகத்தான் இருக்கும்.

2012இல் வந்த திருத்தம் இன்னும் முக்கியம். வரி எழுதியவரும் இசையமைத்தவரும் தங்களுக்குச் சேர வேண்டிய ராயல்டிப் பங்கை, கையெழுத்தே போட்டுக் கொடுத்தாலும், அப்படி விட்டுக்கொடுக்க முடியாது. ஆனால் அந்தப் பங்கு தானாக வீடு தேடி வராது. வரிக்கும் இசைக்கும் ஐ.பி.ஆர்.எஸ்.ஸில் உறுப்பினராகிப் பாட்டைப் பதிந்துவைக்க வேண்டும், வரி எழுதியவர்களுக்கும் இசையமைத்தவர்களுக்கும் ராயல்டி வசூலித்துத் தரும், 1969 முதல் இருக்கிற அமைப்பு அது. பாடகர்களுக்கு இஸாம்ரா என்ற அதே மாதிரி அமைப்பு. இரண்டுக்கும் நீங்களே விண்ணப்பிக்கலாம், சேர்த்துவிட கமிஷன் கேட்கிற ஏஜெண்டுகள் இப்போது கிளம்பியிருக்கிறார்கள், கண்டுகொள்ளாதீர்கள்.

ஒரு சின்ன எச்சரிக்கை. இணையத்தில் வாங்கிய பீட்டின், அதாவது தயாராகக் கிடைக்கும் பின்னணி இசையின் மேல் பாடியிருந்தால், அது உங்களுக்கு மட்டும் விற்றதா, பலருக்கும் விற்றதா என்று பாருங்கள். பலருக்கும் விற்றது என்றால் கண்டென்ட் ஐ.டி.யில் யாருமே பதியக் கூடாது, லேபிள் பதிந்தால் வம்பு உங்களுக்குத்தான்.

கேள்வி (டொரண்டோ): மகளுக்கு 16 வயது, கர்நாடக சங்கீதம் பயில்கிறாள். டிசம்பர் சீசனுக்குச் சென்னையில் ஒரு மேடை, மூன்று கேமரா வீடியோ, யூடியூப் நேரலை, பத்திரிகை விமர்சனம் என்று வாட்ஸ்அப்பில் ஒருவர் 3 லட்சம் ரூபாய்க்கு விலை சொல்கிறார். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு இப்படித்தான் என்கிறார். உண்மையா?

பதில்: இப்படி நடக்கிறது என்பது உண்மை, சென்னை சங்கீத வட்டாரத்தில் வருடாவருடம் முணுமுணுப்பு எழும் விஷயம்தான். இப்படித்தான் நடக்க வேண்டும் என்பது உண்மையில்லை.

அந்த 3 லட்சத்தை உடைத்துச் சொல்லச் சொல்லுங்கள் அம்மா. வயலின், மிருதங்கக் கலைஞர்களுக்குச் சம்பளம், ஹால் வாடகை, ஒலி, ஒளிப்பதிவு, இவை நியாயமான செலவுகள், பில்லோடு கொடுக்கலாம். 'நன்கொடை', 'ஸ்பான்சர்' என்று வருகிற மிச்சம்தான் மேடைக்கான விலை. பத்திரிகை விமர்சனம் பேக்கேஜில் இருக்கிறது என்றால், யாரோ எழுதித் தருகிறார், எங்கோ போடுகிறார்கள். சபாவுக்கு நேரடியாக எழுதி, இந்த நபர் உங்கள் சார்பில் பேசுகிறாரா என்று கேளுங்கள். பல சமயம் சபாவுக்கே தெரியாமல் நடுவில் ஒருவர் விலை ஏற்றியிருப்பார். பகல் ஒரு மணிக்கு, பத்துப் பேர் இருக்கும் ஹாலில், அதில் எட்டுப் பேர் உங்கள் சொந்தக்காரர்களாக இருக்கும்போது குழந்தை பாடிவிட்டு இறங்குவதற்கு 3 லட்சம் என்பது எனக்கு ஒப்பவில்லை. உங்கள் பக்கத்திலேயே, அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் 1978 முதல் தியாகராஜ ஆராதனை நடக்கிறது, போட்டிகள் உண்டு, நன்றாகக் கேட்கத் தெரிந்தவர்கள் உட்கார்ந்து கேட்கிறார்கள். அங்கிருந்து தொடங்கலாம். முடிவெடுக்கும் முன் மகளுடைய குருவிடமும் பேசிவிடுங்கள், அவருக்கு இந்த ஆளைத் தெரிந்திருக்கவே வாய்ப்பு அதிகம்.

கேள்வி (தஞ்சாவூர்): எதற்கும் கட்டாதே என்று எல்லோரும் சொல்கிறீர்கள். என் கையில் 20 ஆயிரம் ரூபாய் இருக்கிறது, அடுத்த மாதம் ஒரு பாட்டு வெளியாகிறது. எதில் போடுவது என்று சொல்லுங்களேன்.

பதில்: கோபம் நியாயம்தான். என்னிடம் அந்தப் பணம் இருந்தால் 7, 8 ஆயிரத்தை மிக்ஸிங், மாஸ்டரிங்குக்கே கொடுப்பேன். ப்ரமோஷன் என்று தேடி வருகிறவர்களில் பாதிப் பேருக்குப் பாட்டில் குரல் சரியாகக் கேட்பதே இல்லை, போன் ஸ்பீக்கரில் போட்டால் வரி புரியவில்லை. விளம்பரம் கொடுத்து ஆளைக் கூட்டிவந்து புரியாத பாட்டைக் காட்டி என்ன பிரயோஜனம்.

ஒரு 5 ஆயிரத்தில் ஒரே நாளில் செங்குத்து வீடியோக்கள் எட்டுப் பத்து எடுத்துவிடுங்கள். பெரிய செட் வேண்டாம், தஞ்சாவூரில் இல்லாத இடமா. பாட்டின் வெவ்வேறு 20 விநாடிகள், வெவ்வேறு விதமாக. எந்த 20 விநாடி ஒட்டுகிறது என்று நமக்கு முன்கூட்டித் தெரியாது, நாம் பிரமாதம் என்று நினைத்த பல்லவியை விட்டுவிட்டு நடுவில் வரும் ஒரு சாதாரண வரியைப் பிடித்துக்கொள்வார்கள். காசு போடாமல் முதலில் எல்லாவற்றையும் ஏற்றுங்கள். எது தானாகக் கொஞ்சம் ஓடுகிறதோ அதற்கு மட்டும் நாளுக்கு 150, 200 ரூபாய் என்று 4 ஆயிரம்வரை விளம்பரம் கொடுங்கள், உங்கள் கணக்கிலேயே, தமிழ் பேசும் ஊர்களுக்கு மட்டும். ஓடாத வீடியோவைத் தள்ளிவிடுவதற்காக விளம்பரம் போடுவது பெரிய வீண்செலவு.

ப்ளேலிஸ்ட் நடத்துபவர்களுக்கு அனுப்ப சப்மிட்ஹப், க்ரூவர் மாதிரி தளங்கள் இருக்கின்றன. அங்கே காசு, கேட்டுப் பதில் சொல்வதற்குத்தான், இடம் தருவதற்கு இல்லை, அந்த வகையில் நேர்மை. ஆனால் தமிழ்ப் பாட்டை எடுக்கும் ஆட்கள் அங்கே குறைவு, ஆயிரம் ரூபாய்க்கு மேல் போகாதீர்கள். அதைவிட, உங்கள் மாவட்டத்தில் ரீல்ஸ் போடும் நடனப் பிள்ளைகள் நாலு பேரைக் கண்டுபிடித்து ஆளுக்கு 500, 1,000 கொடுத்து ஆடச் சொல்லுங்கள். பின்தொடர்பவர்கள் எத்தனை லட்சம் என்று பார்க்காதீர்கள், கமெண்ட்டைப் படியுங்கள். ஊர்க்காரர்கள் பெயர் சொல்லிப் பேசிக்கொள்கிறார்களா, நெருப்புக் குறியும் கைதட்டலும் மட்டுமா என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். பின்தொடர்பவர்களை விற்கிற கடைகளும் தாராளமாக இருக்கின்றன, 2020இல் மும்பைப் போலீஸ் அப்படி விற்ற ஒருவரைக் கைதே செய்தது.

இவ்வளவும் போக கையில் ஒன்றிரண்டு ஆயிரம் மிஞ்சினால் டிஸ்ட்ரிபியூட்டர் கட்டணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். வெளியீட்டை வெள்ளிக்கிழமையாக வையுங்கள், ரிலீஸ் ரேடார் அன்றைக்குத்தான் புதுப்பிக்கப்படுகிறது. பாட்டை மூன்று வாரம் முன்பே ஏற்றிவிடுங்கள், அப்போதுதான் அந்த 7 நாள் கெடுவுக்குள் ஸ்பாட்டிஃபைக்கு விண்ணப்பிக்க நேரம் இருக்கும். நீங்கள் அடுத்த மாதம் என்கிறீர்கள், ஆக இந்த வாரமே உட்கார வேண்டும். விண்ணப்பத்தில் மொழி 'தமிழ்' என்று குறிக்க மறக்காதீர்கள். 'இந்தியன் பாப்' என்று மட்டும் போட்டுவிட்டு அப்படியே அனுப்புகிறவர்கள் நிறையப் பேர்.